பேட்டரிக்கு ஏற்ற வயரும் ஃபியூஸும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாடியில் சோலார் பேனலுடன் பேட்டரியும் வைப்போர், பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் விலை விசாரிக்கும் அக்கறையைப் பேட்டரி வயரிலும் ஃபியூஸிலும் காட்டுவதில்லை. 2,000 வாட் சுமையை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 185 ஆம்பியர் பாயும். 48 வோல்ட்டில் 46 ஆம்பியரே போதும். போகவர 4 மீட்டர் நீளமுள்ள 16 சதுர மி.மீ. செம்பு வயரில் 185 ஆம்பியர் சென்றால் சுமார் 150 வாட் வெப்பமாக வீணாகி, வயரின் உறையே இளகிவிடும். அங்கே 70 சதுர மி.மீ. வயரே பொருத்தம். (செம்பு முலாம் பூசிய அலுமினியமும் சந்தையில் உண்டு, இழையைச் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும்.)

ஃபியூஸ் முதன்மையாகக் காப்பது வயரைத்தான். ஆகவே அதன் அளவு, சுமையின் மின்னோட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வயரின் தாங்குதிறனுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே அதைப் பொருத்த வேண்டும். மாறுதிசை மின்சாரம் (ஏ.சி.) நொடிக்கு 100 முறை சுழியைக் கடப்பதால், அதைத் துண்டிக்கும்போது எழும் பொறி எளிதில் அணைகிறது. பேட்டரி தரும் நேர்திசை மின்சாரத்தில் (டி.சி.) அந்த வாய்ப்பு இல்லையாதலால், வீட்டு மெயின் போர்டுக்கான சாதாரண எம்.சி.பி.யை (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சை) பேட்டரிப் பக்கம் மாட்டுவது ஆபத்து. குறுக்கிணைப்பில் (ஷார்ட் சர்க்யூட்டில்) ஆயிரக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு அத்தகைய பெரும் மின்னோட்டத்தையும் துண்டிக்கவல்ல 'டி' (Class T) வகை ஃபியூஸே தகும்.

நிறுவுவோர் தரும் விலைப்பட்டியலில் வயரின் குறுக்களவும், ஃபியூஸின் ஆம்பியரும், அது நேர்திசை மின்சாரத்துக்கு உரியதா என்பதும் எழுதப்படுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்