பவுடர் டப்பாவ தூக்கி ஓரமா வை

மச்சான்,

உன் லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு, வேலை ஜாஸ்தின்னு சொல்லலாம் ஆனா நெசம் என்னன்னா சோம்பேறித்தனம்தான், உனக்குத் தெரியாததா. பாப்பாவுக்கு அதுக்குள்ள நாலு மாசமா? போட்டோ பாத்தேன், மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம் புள்ள.

கழுத்து மடிப்புல பொரிப்பொரியா செவந்திருக்கு பவுடர் போடவான்னு கேட்டிருந்த. வேணாம்டா. நான் என் பையனுக்குப் பண்ண முட்டாள்தனமே அதுதான், குளிப்பாட்டி எடுத்த கையோட கழுத்து அக்குள்னு பவுடர கொட்டிருவேன், அரை மணி நேரத்துல அது வேர்வையோட சேந்து மடிப்புக்குள்ள ஈர மாவு மாதிரி உருண்டு நிக்கும், அடியில இன்னும் செவந்து போயிருக்கும். வேர்க்குருவே வேர்வை வர்ற குழாய் அடைச்சுக்கிறதாலதான் வருது, கைக்குழந்தைக்கு அந்தக் குழாய் இன்னும் சரியா வளர்ந்திருக்காது, அதுக்கு மேல நாமளும் பூசி அடைச்சா? அந்தத் தூசி மூச்சுல போறது வேற. எண்ணெயும் திக்கான க்ரீமும் இதே கதைதான். ஈரத்துணியால மடிப்ப விரிச்சு தொடை, தேய்க்காம ஒத்தி எடு, லூசா ஒரு காட்டன் சட்டை, கொஞ்சம் காத்து, பெரும்பாலும் சில நாள்ல தானா அடங்கிரும். நகத்த மட்டும் வெட்டி விடு. சீழ் வச்சாலோ காய்ச்சல் வந்தாலோ லேட் பண்ணாம டாக்டர்கிட்ட போ.

சன்ஸ்க்ரீன் வாங்கிட்டேன்னு வேற எழுதியிருக்க. ஆறு மாசம் முடியற வரைக்கும் பொதுவா அது வேணாம்னுதான் சொல்லுவாங்க, அதுங்க தோல் ரொம்ப மெல்லிசு, அதுக்கு நிழலும் துணியும்தான் சன்ஸ்க்ரீன். இன்னொண்ணு, பாப்பாவ வச்சுத் தள்ளுற ஸ்ட்ரோலர் வண்டி மேல துணிய முழுசா போத்தாத, நிழல்னு நெனச்சு செய்வோம், உள்ள காத்து நின்னு அடுப்பு மாதிரி ஆயிரும். வெயிலா இருக்குன்னு தண்ணியும் குடுக்காத, இந்த வயசுல பால்தான், அடிக்கடி குடுத்தா போதும்.

பெரிய பசங்களுக்கு சன்ஸ்க்ரீன் தேவைதான், ஆனா அத நம்பி நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதையக் கேளு. போன மாசம் என் பையன நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், வானம் மூடியிருந்துச்சு, சரி வெயிலே இல்லையேன்னு மூஞ்சிக்கும் கைக்கும் மட்டும் பூசி விட்டேன், மூணு மணி நேரம் திரும்பப் பூசவே இல்ல. அப்ப ஒண்ணும் தெரியல. ராத்திரி போர்வை பட்டதும் அழறான், லைட்டப் போட்டுப் பாத்தா காது மடலும் பின்கழுத்தும் செவந்து கொதிக்குது, பாதத்துல செருப்பு வார் இருந்த எடம் மட்டும் தப்பிச்சு மிச்சமெல்லாம் தகதகன்னு, ஏதோ கோலம் போட்ட மாதிரி. மேகத்தத் தாண்டி புறஊதாக்கதிர் வரும்னு படிச்சிருக்கோம்தான், பரிட்சையோட மறந்துட்டோம். குளிர்ந்த தண்ணித் துணி போட்டு ஒத்தடம் குடுத்தேன், ஐஸ் வைக்கக் கூடாது. நல்லவேளை கொப்புளம் வரல, வந்தாலும் உடைக்கக் கூடாதாம். நம்ம கலருக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு நீ அடிக்கடி சொல்லுவியே, கொஞ்சம் தாங்கும் அவ்ளோதான், கருப்புத் தோலும் வேகும், செவப்பு சட்டுனு கண்ணுக்குத் தெரியாது, தொட்டாதான் சூடு தெரியும்.

இப்ப சன்ஸ்க்ரீன்ல எஸ்பிஎஃப் 30தான் வாங்குறேன், எஸ்பிஎஃப்னா அது எவ்ளோ காப்பாத்தும்னு டப்பால போட்டிருக்கிற நம்பர், 30 போட்டா தோல வேக வைக்கிற புறஊதா பி கதிர்ல சுமாரா 97 சதவீதம் தடுக்குது, 50 போட்டா 98, அந்த ஒரு சதவீதத்துக்கு அலையறதுக்குப் பதிலா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க, தண்ணில இருந்து ஏறினதும் ஒருக்கன்னு பூசினாலே போதும்டா. அதுவும் தொப்பி, முழுக்கை சட்டைக்கு அப்புறம்தான்.

காலைல 10 மணில இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் வெளிய போகாதன்னு சொன்னா இவன் கேப்பானா, மணியே பாக்கத் தெரியாது. அதனால நிழலப் பாக்கச் சொல்லிக் குடுத்தேன், உன் நிழல் உன்ன விட குட்டையா இருந்தா உள்ள வந்துரணும்னு. நேத்து மதியம் நான் குப்பை போட வெளிய போறேன், வாசல்ல நின்னு கத்துறான், "அப்பா உன் நிழல் குட்டி, உள்ள வா"ன்னு.

பாப்பா கழுத்து எப்படி இருக்குன்னு எழுது, என்ன மாதிரி பத்து நாள் ஆக்காத.