ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மா ஏன் போன் எடுக்கறதில்ல

கண்ணா,

போன்ல கேட்டியே, ஞாயித்துக்கிழமை ஆனா போனையே எடுக்க மாட்டேங்கற, அப்படி எங்கதாம்மா போறன்னு. அப்பவே சொல்லியிருந்தா நீயும் "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சிருப்ப, அதான் உக்காந்து டைப் பண்றேன். ஆபீஸ்ல வேலைக்கு நடுவுல படிக்காத, வீட்டுக்குப் போயிட்டு மெதுவா படி, கடைசில உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

கண்ணாடி ஆன்ட்டி இருக்காளே, அதான் என் கூட காலேஜ்ல படிச்சவ, நீ சின்னப்பையனா இருக்கும்போது அவ கண்ணாடிய புடுங்கிப் போட்டுக்கிட்டு ஓடுவ, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவ வீட்டுலதான் இருப்பேன். அவ பரண ஒழிக்கும்போது அவ தம்பியோட பழைய வீடியோ கேம் செட்டு, அதோட சேந்த துப்பாக்கி, ஒரு பெட்டி நிறைய கேசட்டு, ஒரு டப்பா டிவி எல்லாம் வெளிய வந்துச்சு. தூக்கிப் போடலாம்னுதான் இறக்கினா, போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓடுதான்னு பாப்போமான்னு கேட்டா, அவ்ளோதான், இப்ப வாராவாரம் கச்சேரி. கேமு, பழைய படம், பழைய டிவி சீரியல், எது கைல கெடைக்குதோ அது.

நீ என்ன நெனைப்பன்னு தெரியும். இதெல்லாம் இப்ப பாத்தா மொக்கையா இருக்கும்மான்னு. ஆமாண்டா, நெறைய மொக்கைதான். நாங்க விழுந்து விழுந்து சிரிச்ச ஒரு காமெடி சீரியல போட்டோம், குண்டா இருக்கற பொண்ணு கதவுக்குள்ள வந்தாலே பின்னாடி எல்லாரும் கெக்கேபெக்கேன்னு சிரிக்கறாங்க, அவ ஒண்ணும் பண்ணக்கூட இல்ல, சும்மா வர்றா. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம், ஆஃப் பண்ணிட்டோம். அன்னைக்கு நாமளும்தானடி சிரிச்சோம்னா ஆன்ட்டி. அதுக்கு மேல அதப் பத்தி பேசல.

ஆனா சிலது இருக்கு பாரு, இப்பத்தான் அருமை தெரியுது. ஆன்ட்டி எத எடுத்தாலும் முன்னாடி உக்காந்து படிச்சிட்டு வந்துடுவா, ஓடிட்டிருக்கும்போதே கத சொல்லுவா, எரிச்சலாவும் இருக்கும், கேக்கவும் தோணும். மேலருந்து வரிசையா இறங்கி வருமே ஏலியன் கூட்டம், ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978ல வந்தது, அதுல சுடச்சுட மிச்சம் இருக்கறதெல்லாம் வேகமாகும்ல? அத யாரும் யோசிச்சு வெக்கலயாம். அப்ப இருந்த சிப்புக்கு அத்தன ஏலியன ஒரே நேரத்துல வரைய முடியல, தள்ளாடுது, ஆளு கொறைய கொறைய சொம கொறஞ்சு வேகம் எடுக்குது. செஞ்ச நிஷிகாடோ அதப் பாத்துட்டு, அட இதுவே நல்லாருக்கேன்னு அப்படியே விட்டுட்டாராம். கடைசி ஒண்ணு மட்டும் மிஞ்சி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும்போது என் கை வேர்க்குதுடா, இந்த வயசுல.

மாரியோல மேகமும் கீழ இருக்கற புதரும் ஒரே படம்தான், கலரு மட்டும் வேற. 1985ல மொத்த கேமையும் 40 கிலோபைட்டுக்குள்ள அடைக்கணும், நீ வாட்ஸ்அப்ல அனுப்பற ஒரு போட்டோவே அத விட பெருசு. அப்ப எத்தன தடவ ஆடியிருப்போம், ஒருத்தர் கண்ணுலயும் படல. இப்ப தெரிஞ்சதுக்கு அப்பறம் வேற எதுவும் கண்ணுல பட மாட்டேங்குது, நான் புதரப் பாத்துக்கிட்டே குழில விழுந்து சாகறேன்.

கான்ட்ரான்னு ரெண்டு பேர் சேந்து சுட்டுக்கிட்டே போற கேம், அத ஆடறதுதான் எங்களுக்கு உயிரு. மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ, அந்த வரிசை விரலுக்கு தெரியுது கண்ணா, வாயால சொல்லச் சொன்னா தடுமாறுவேன், கைல கன்ட்ரோலர குடுத்தா தானா வருது. ரெண்டு பேர் ஆடணும்னா ஸ்டார்ட்டுக்கு முன்னாடி செலக்ட்டும் அமுக்கணும், மூணு உயிருக்கு பதிலா ஆளுக்கு 30. அந்த கோட முதல்ல வெச்சவர் கஸுஹிசா ஹஷிமோட்டோ, 1986ல வேற ஒரு கேம டெஸ்ட் பண்ணும்போது அது ரொம்ப கஷ்டமா இருக்குன்னு தன் வசதிக்கு வெச்சுக்கிட்டாராம், எடுக்கறதுக்குள்ள கேம் வெளிய போயிடுச்சு. செஞ்சவருக்கே ஆட முடியலங்கறதக் கேட்டப்ப எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவரு 2020ல தவறிட்டாரு, அந்த சேதி வந்த அன்னைக்கு உலகம் பூரா ஆளுங்க இந்த பட்டன் வரிசையத்தான் எழுதி போட்டாங்க.

அதுல மூணாவது ஸ்டேஜ் அருவி. மேல ஏறிக்கிட்டே போகணும். யாரு முதல்ல ஏறறாங்களோ ஸ்கிரீன் அவங்க கூடவே மேல போயிடும், கீழ மாட்டிக்கிட்டவ அப்படியே அவுட்டு. எதிரி ஒருத்தனும் தொடல, கூட வந்தவ அவசரப்பட்டதாலயே செத்துப்போறது. ஆன்ட்டி எப்பவும் முந்திதான் ஏறுவா, காலேஜ்ல பஸ்ஸுக்கும் அப்படித்தான். "இருடி, இருடி, நான் இன்னும் குதிக்கல"ன்னு நான் கத்த, அவ "நீ ஏன்டி நின்னு சுட்டுக்கிட்டிருக்க, ஏறித் தொலை"ன்னு கத்த, பக்கத்து வீட்டுல என்னவோ சண்டைன்னு வந்து எட்டிப் பாத்தாங்க. இத தனியா ஆடிப் பாத்தேன் ஒரு நாள், அவ உள்ள சமையல் வேலைல இருந்தா. அருவில ஒரு உயிரு கூட போகல, ஆனா சப்புன்னு இருந்துச்சு.

டப்பா டிவிய தூக்கிப் போடாததுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்த வாத்து சுடற துப்பாக்கி புது டிவில வேலை செய்யாது. சுட்டவுடனே ஸ்கிரீன் ஒரு கண நேரம் கருப்பாகி வாத்து இருக்கற எடத்துல மட்டும் வெள்ளக் கட்டம் வரும், துப்பாக்கி முனைல இருக்கற கண்ணு அந்த வெளிச்சத்தப் புடிக்கணும். டிவிதான் துப்பாக்கியப் பாக்குதுன்னு நெனச்சிட்டிருந்தோம், துப்பாக்கிதான் டிவியப் பாக்குது. புது டிவி படத்த வாங்கி யோசிச்சு காட்டறதுக்குள்ள அந்த கணம் போயிடுது. அப்பறம் அந்தக் கால படமே டப்பா டிவிக்குனு வரைஞ்சதுதான், அதுல புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலங்கி முகமா தெரியும், புது டிவில போட்டா சதுரம் சதுரமா பல்லக் காட்டுது.

கேசட்ட ஊதறத மட்டும் விட்டுட்டோம். ஊதினா எச்சி ஈரம் பட்டு பின்னு துருப்புடிக்குமாம், திருப்பி சொருகினதாலதான் அப்ப வேலை செஞ்சுதாம், ஊதினதால இல்ல. ஆன்ட்டி இத நம்பறா, ஆனா நான் திரும்பறப்ப பாத்து ஒரு ஊது ஊதிடுவா.

படம்னா அவ வீட்டு பெரிய டிவிலதான். முதல் நாள் போட்டதும் எல்லா படமும் மெகா சீரியல் மாதிரியே வழவழன்னு ஓடுச்சு, எனக்கு என்னமோ ஒட்டவே இல்ல. படம் எடுக்கறது நொடிக்கு 24 பிரேம், டிவி நடுவுல தானா பிரேம் செஞ்சு சொருகுது, செட்டிங்ஸ்ல போயி அந்த மோஷன் சமாச்சாரத்த அணைச்சதும்தான் சினிமா சினிமாவா ஆச்சு. உன் வீட்டு டிவிலயும் பாரு, ஆன்ல இருந்தா அணைச்சுடு. பழைய சீரியல் சிலத அகல டிவிக்காக மேலயும் கீழயும் வெட்டி ஓட்டறாங்க, தலை பாதி போயிடுது. ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை வந்தா வந்துட்டு போகட்டுமே, யாருக்கு என்ன கஷ்டம்.

1993ல வந்த டைனோசர் படம் ஜுராசிக் பார்க், அதுக்கு ஒரு பந்தயம். மழைல நிக்கற கார டைனோசர் தாக்கற சீன்ல மியூசிக் காதப் பொளக்கும்னு ஆன்ட்டி சத்தியம் பண்றா, மியூசிக்கே இருக்காதுன்னு நான். போட்டுப் பாத்தோம். மழைச் சத்தம், தகரம் நசுங்கற சத்தம், அது கத்தற சத்தம், அவ்ளோதான், ஒரு வயலின் கூட இல்ல. அவ ரிமோட்ட வாங்கி திருப்பித் திருப்பி போட்டுப் பாக்கறா, முப்பது வருஷமா அவ மனசுக்குள்ள அந்த சீனுக்கு அவளே மியூசிக் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடற படத்துல டைனோசர் வர்றது சுமார் கால் மணி நேரம், அதுலயும் கம்ப்யூட்டர்ல செஞ்சது ஆறு நிமிஷம் போல, மிச்சம் பொம்மை. அந்த மழைல பொம்மையோட தோல் தண்ணிய உறிஞ்சி கனம் ஏறி கிடுகிடுன்னு ஆடுமாம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவுல ஆளுங்க துண்ட வெச்சு தொடச்சு காய வெச்சிருக்காங்க. அவ்ளோ பெரிய பூதத்துக்கு தல துவட்டி விட்டிருக்காங்கடா.

சீரியல்ல ஒண்ணு ஆச்சரியம். ஐ லவ் லூசின்னு 1951ல ஆரம்பிச்சது, சினிமா எடுக்கற பிலிம்லயே எடுத்ததால இன்னைக்கும் பளிச்சுன்னு இருக்கு, அதுக்கு முப்பது வருஷம் கழிச்சு வீடியோ டேப்ல எடுத்ததெல்லாம் பேய் மாதிரி மங்கி நிக்குது. இதாவது பரவால்ல, டாக்டர் ஹூன்னு ஒரு இங்கிலாந்து சீரியல், டேப் விலை ஜாஸ்தி, திரும்ப யாரு பாக்கப்போறான்னு பிபிசிக்காரங்க அதோட பழைய எபிசோடு நெறைய அழிச்சு அதுமேலயே வேற பதிவு பண்ணிட்டாங்க. 2013ல ஒம்போது எபிசோடு நைஜீரியாவுல கெடைச்சதா சொன்னாங்க, ஒளிபரப்ப அனுப்பின பிரிண்டு அங்கயே தங்கிடுச்சு. இன்னும் கெடைக்காத எபிசோடுக்கெல்லாம் சத்தம் மட்டும் இருக்கு, எப்படின்னா அப்ப வீட்டுல பாத்தவங்க டிவிக்கு எதுக்க டேப் ரெக்கார்டர வெச்சு புடிச்சிருக்காங்க. கம்பெனி தொலைச்சத ஜனங்க வெச்சிருக்காங்க பாரு. இதக் கேட்டதுல இருந்து ஆன்ட்டி எதையும் தூக்கிப் போட மாட்டேங்கறா, அவ பரண ஒழிச்ச மாதிரிதான்.

சரி, கேக்க வந்தது இதான்.

நீ விட்டுட்டுப் போன கேம் பாய், அதுல சொருகியிருந்த செவப்பு போக்கிமான் கேசட்டு, ரெண்டையும் எடுத்துட்டுப் போனேன். செல்லு போட்டதும் ஆன் ஆச்சு. கன்டின்யூன்னு வந்துச்சு, உன் பேரு வந்துச்சு, ஏழு எழுத்துக்கு மேல போட முடியாதுன்னு நீ பேர சுருக்கி வெச்சிருக்க, எட்டு பேட்ஜும் வாங்கி வெச்சிருக்க. அந்த நாள்ல நீ பரிச்சைக்கு எழுதி வெச்சதெல்லாம் எங்க போச்சோ, இது இருக்கு. நான் எதையும் சேவ் பண்ணல, பயப்படாத, பாத்துட்டு மட்டும் அணைச்சேன்.

உன் டீம்ல இருக்கற ஆறு போக்கிமான்ல ஒண்ணு கெங்கர். அத அமுக்கிப் பாத்தா ஓ.டி.ன்னு ஒரு எடத்துல உன் பேரு இல்ல, மாடில இருந்தானே அந்தப் பையனோட பேரு. ஆன்ட்டிதான் வெவரம் சொன்னா, ஹான்டர்ங்கற போக்கிமான் தனியா எவ்ளோ ஆடினாலும் கெங்கர் ஆகாது, வயரப் போட்டு ரெண்டு கேம் பாயையும் கோத்து இன்னொருத்தன்கிட்ட குடுத்தாதான் மாறும், மாறினாலும் முதல்ல புடிச்சவன் பேரு அதுலயே நிக்கும்னு. செவப்பு கேசட்டுல சிலது கெடைக்கவே கெடைக்காதாமே, இன்னொரு கலர் கேசட்டு வெச்சிருக்கற ஆள் வேணும்னே அப்படி செஞ்சிருக்காங்க. மாடிப்படில நீங்க ரெண்டு பேரும் தலைய முட்டிக்கிட்டு உக்காந்திருந்தது இதுக்குத்தானா, அப்ப நான் கண்ணு கெட்டுப்போகும்னு கத்தினேன், வயரு நீளமா இல்லன்னா பாவம் வேற எப்படி உக்காருவீங்க.

விஷயம் என்னன்னா கேசட்டுக்குள்ள வாட்ச்ல போடற மாதிரி வட்டமா ஒரு செல்லு இருக்கு, சேவ் எல்லாம் அது உயிரோட இருக்கற வரைக்கும்தான். இவ்ளோ வருஷம் தாங்கினதே பெருசுங்கறா ஆன்ட்டி. செல்ல மாத்தலாம், சால்டரிங் வெக்கணும், ஆனா கழட்டின அடுத்த நொடி உள்ள இருக்கறது போயிடும். அதுக்கு முன்னாடி கேசட்ட கம்ப்யூட்டர்ல சொருகி சேவ காப்பி எடுக்கற சின்ன கருவி ஒண்ணு இருக்கு, காப்பி எடுத்து, செல்ல மாத்தி, திருப்பி ஏத்திடலாம். ஆன்ட்டி தம்பிக்கு அந்த வேலை தெரியும், அடுத்த வாரம் வர்றான். உன்னக் கேக்காம தொட மாட்டேன்னு சொல்லிட்டேன்.

அதனால செய்யட்டுமா வேணாமான்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லு. இன்னொண்ணு, மாடிப் பையன் நம்பர் உன்கிட்ட இருக்கா? இல்லன்னா அவங்கம்மா நம்பர் என்கிட்ட இருக்கு, நான் கேட்டு வாங்கறேன். காப்பி எடுக்கறதுதான் எடுக்கறோம், அவனுக்கும் ஒண்ணு போகட்டும், அந்த கெங்கர் பாதி அவனோடதுதான. அவன் கேசட்டு இன்னும் இருக்கான்னும் கேளு, இருந்தா அதுலயும் செல்லு போற நேரம்தான்.

ஞாயித்துக்கிழமை மட்டும் கூப்பிடாத, எடுக்க மாட்டேன்.

அம்மா