எக்ஸ்ரேயில் சிக்காத பித்தப்பைக் கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறன்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் பித்தப்பைக் கல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பயமுறுத்தாமல் எழுதியிருந்தது பிடித்தது. ஆனால் 'வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால் கல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்' என்ற வரியைக் கண்டதும் சும்மா இருக்க முடியவில்லை. நான் கதிரியக்க மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள்.

சிறுநீரகக் கல்லில் கால்சியம் அதிகம், அதனால் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். பித்தப்பைக் கல் அப்படியில்லை. நூற்றில் 10 முதல் 20 கற்கள்தான் எக்ஸ்ரேயில் பிடிபடும். கட்டுரையை நம்பி எக்ஸ்ரே எடுத்தவர், 'ஒன்றுமில்லை' என்று நிம்மதியாகப் போய், அடுத்த வலியோடு திரும்பி வருவார்.

முதலில் எடுக்க வேண்டியது அல்ட்ராசவுண்ட். அதற்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், 'ஒரு டம்ளர் பால்தானே குடிச்சேன் டாக்டர்' என்பார்கள். அந்தப் பால்தான் வினை. பித்தப்பையில் 30 முதல் 50 மி.லி. பித்தநீர் பிடிக்கும். பட்டினி கிடக்கும்போது அது நிறைந்திருக்கும். கொழுப்பு சிறுகுடலை எட்டியதும் ஒரு ஹார்மோன் சுரந்து பையைச் சுருங்க வைத்துவிடும். நிறைந்த பையின் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்கும், சுருங்கிய பையில் அதே சுவர் தடித்துத் தெரியும். அழற்சியா, பாலா என்று எப்படிச் சொல்வது?

எக்ஸ்ரேயில் பித்தப்பையைத் தெரிய வைக்கும் மருந்து முறையை 1924-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் எவார்ட்ஸ் கிரஹாமும் வாரன் கோலும். நாய்களிடம் சோதித்தபோது ஒரே ஒரு நாய்க்குத்தான் முதலில் பை தெரிந்ததாம். அன்று காலை அதற்குத் தீனி வைக்கவில்லை என்பது பிறகு தெரியவந்ததாகச் சொல்வார்கள்.

சரி, கல்லுக்கு வருகிறேன். திரையில் வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்வேன். கல் என்றால் பெரும்பாலும் உருளும்; அதற்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழும். பாலிப் (பையின் சுவரில் வளரும் சிறு சதை) என்றால் சுவரோடு ஒட்டியே நிற்கும், நிழலும் இருக்காது. பையின் கழுத்தில் சிக்கிய கல் மட்டும் அசையாது. அவசர ஸ்கேனில் கோட்டைவிடும் இடமும் அதுதான்.

இனி, நீங்கள் போட்ட படம். அதில் பித்தப்பையிலிருந்து ஒரு குழாய் நேரே குடலுக்குப் போகிறது. உண்மையில் கல்லீரலின் வலது, இடது நாளங்கள் சேர்ந்து இறங்கும் குழாயில், பித்தப்பையின் நாளம் பக்கவாட்டில் வந்து சேர்கிறது. அங்கிருந்துதான் பொதுப் பித்தநாளம். அது கணையத்தின் தலைப்பகுதியைக் கடந்து, பெரும்பாலும் கணைய நாளத்தோடு சேர்ந்து, முன்சிறுகுடலில் திறக்கிறது. உங்கள் படத்தில் கணையமே இல்லை! அந்தக் கடைசி முனையில் கல் அடைத்தால் காமாலையோடு கணைய அழற்சியும் வரலாம்.

அந்த முனையைத்தான் அல்ட்ராசவுண்டில் குடல் வாயு மறைக்கும். எனவே பித்தப்பை தெளிவாகத் தெரிந்தது என்பதற்காக நாளத்தில் கல் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. நாளம் 6 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ, ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறியிருந்தாலோ எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எடுக்கச் சொல்வோம். (வயதானவர்களுக்கும் பை எடுத்தவர்களுக்கும் நாளம் சற்று அகலமாக இருப்பதுண்டு.) எம்.ஆர்.சி.பி.க்குக் கதிர்வீச்சும் கிடையாது, பெரும்பாலும் ஊசி மருந்தும் தேவைப்படாது. பித்தநீர் வெள்ளையாக ஒளிரும், கல் அதில் கறுப்பாக நிற்கும். இ.ஆர்.சி.பி. வேறு விஷயம்: எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுக் கல்லை எடுப்பது. அதனாலேயே கணைய அழற்சி வரக்கூடும் என்பதால், படம் பார்க்க மட்டும் அதை இப்போது செய்வதில்லை. கட்டுரையில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். அதை ஓரத்தில் இரண்டு வரியாகப் போடாமல், கணையத்தையும் சேர்த்து வரைந்த புதுப் படத்தோடு அதே மருத்துவப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கதிரியக்க மருத்துவர், உங்கள் நீண்ட நாள் வாசகி