பயிற்சி அட்டவணையில் இன்னொரு கட்டம் வேண்டும்

மலைச் சைக்கிள் பந்தய வீரர்களைத் தயார் செய்யும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் வாராவாரம் அனுப்பும் அட்டவணையில் எல்லாம் இருக்கிறது. எத்தனை மணி நேரம், எத்தனை வாட் (மிதிக்கும் சக்தியின் அளவு), இதயத் துடிப்பு எவ்வளவு, எந்த நாள் ஓய்வு. எந்தச் சைக்கிளில் என்பது மட்டும் இருப்பதில்லை. அதற்கு ஒரு கட்டம் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன பருவம் முழுக்க நான் ரோடு சைக்கிளிலும், வீட்டில் சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் ட்ரெய்னரிலுமே பயிற்சி செய்தேன். பழியெல்லாம் அட்டவணை மேல் இல்லை. மலைச் சைக்கிளை எடுத்தால் வந்து சேற்றைக் கழுவ வேண்டுமே என்ற சோம்பலும் இருந்தது. வாட் கணக்கு மாதாமாதம் ஏறியது. பந்தயத்தில் முதல் ஏற்றத்தில் முன்வரிசையில்தான் இருந்தேன். அப்புறம் வேர்கள் பின்னிக் கிடந்த அந்த இறக்கம் வந்தது. விரல் பிரேக்கை விட்டு வரவே இல்லை. ஏற்றத்தில் பிடித்த இடங்களை அங்கே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் சுற்றில் முன்கை கல்லாகி, அடிமுதுகு பிடித்துக்கொண்டது. மூச்சு மட்டும் தாராளமாக இருந்தது!

இதில் புதிர் எதுவும் இல்லை. ரோட்டில் 300 வாட்டை நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்து எடுத்துப் பழகியிருந்தேன். செங்குத்தான மண் ஏற்றத்தில் அதே 300 வாட் 60 சுற்றில்தான் வரும். அப்போது ஒவ்வொரு மிதியிலும் கொடுக்க வேண்டிய விசை ஒன்றரை மடங்கு. எழுந்து நின்று மிதிக்கலாம் என்றால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து சுழலும். உட்கார்ந்தபடி, உடலை முன்னால் சாய்த்து, கனமாக மிதிக்க வேண்டும். ரோடு சைக்கிள் இதைக் கேட்பதில்லை, அதனால் கற்றுக்கொடுப்பதும் இல்லை.

இன்னொன்று, ரோட்டில் 20 நிமிடம் ஒரே வாட்டில் போகலாம். காட்டுத்தடத்தில் வேகத்தைக் கல்லும் வளைவும்தான் முடிவு செய்கின்றன. பத்து விநாடி முழு மூச்சாக மிதிப்பு, அடுத்த சில விநாடி மிதியே இல்லை. திரையில் அது பூஜ்ய வாட். ஆனால் அந்த நேரத்தில் கையும் காலும் அடி தாங்குகின்றன, இதயத் துடிப்பும் பெரிதாக இறங்குவதில்லை. ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஏற்ற இறக்கமான காட்டுத்தடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயம், ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஓடுகிறது. அவ்வளவு நேரமும் இதே கதைதான்.

மலைச் சைக்கிளிலும் எல்லாம் ஒன்றல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 29 அங்குலச் சக்கரம், ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி) வண்டியில் செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி தங்கம் வென்றார். 27.5 அங்குல ஹார்ட்டெயிலில் (முன்னால் மட்டும் அதிர்வு தாங்கி) வந்த சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டருக்கு மயிரிழையில் வெள்ளி. நான்கு ஆண்டு கழித்து ரியோவில் ஷூர்ட்டர் தங்கம் வென்றபோது அவரும் ஃபுல் சஸ்பென்ஷனில் இருந்தார். எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பின்னால் சஸ்பென்ஷன் இருந்தால் கரடுமுரடிலும் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே போகலாம். ஹார்ட்டெயிலில் எழுந்து, முழங்காலையே சஸ்பென்ஷனாக்க வேண்டும். தொடை வேறு மாதிரிக் களைக்கும். அணியில் பாதிப் பேரிடம் அது, பாதிப் பேரிடம் இது. அட்டவணை மட்டும் ஒன்றே.

ரோட்டில் பழகினாலே போதும் என்பதற்குப் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்கைக் காட்டுவீர்கள் என்று தெரியும். ரோடு அணிக்காரர்; டோக்கியோவிலும் பாரிஸிலும் மலைச் சைக்கிள் தங்கம். சரி. ஆனால் அவர் 2017-லேயே சைக்ளோகிராஸில், அதாவது சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் சைக்கிள் பந்தயத்தில், ஜூனியர் உலகச் சாம்பியன். சேறும் வழுக்கலும் அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். ரோட்டிலிருந்து நேரே காட்டுக்குள் வந்த எங்களுக்கு அவர் எப்படி உதாரணமாவார்?

கனமான டிரெயில் வண்டியில் (கரடுமுரடான இறக்கங்களுக்கான மலைச் சைக்கிள்) பழகினால் பந்தய வண்டி பறக்கும் என்றும் சிலர் சொல்கிறீர்கள். கால் வேண்டுமானால் பலமாகும். ஆனால் அந்த வண்டி இறக்கத்தில் செய்த பிழையையெல்லாம் மன்னித்துவிடும். பந்தய வண்டி மன்னிக்காது. பிரேக் பிடிக்கும் இடமே மாறிவிடுகிறது.

ரோடு சைக்கிளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மூன்று நான்கு மணி நேர நிதானமான ஓட்டத்துக்கு அதுவே வசதி. பந்தய வண்டியின் செயினும் சஸ்பென்ஷனும் தேயாமல் இருக்கும். கடுமையான இன்டர்வெல்களில் (விட்டு விட்டு வேகமாக மிதிக்கும் பயிற்சி) பாதியையாவது, பந்தயம் நெருங்கும்போது எல்லாவற்றையும், பந்தய வண்டியில் மண் தடத்தில் போடுங்கள் என்கிறேன். இரண்டு வண்டியிலும் கிராங்க் (மிதிகட்டையைத் தாங்கும் கை) நீளமும் சீட் உயரமும் ஒன்றா என்று ஒருமுறை அளந்து பாருங்கள். வாட்டை அளக்கும் பவர் மீட்டரையும் கவனியுங்கள். இரண்டு சதவீதப் பிழை என்றால் 250 வாட்டில் ஒன்று 5 கூட்டியும் மற்றது 5 குறைத்தும் காட்டலாம். ஒன்றில் அளந்து எடுத்த வாட் எல்லைகளை மற்றதில் அப்படியே ஓட்டச் சொன்னால், நாங்கள் எதைத் துரத்துகிறோம்?

அடுத்த வார அட்டவணை ஞாயிறு இரவு வரும். செவ்வாய்க்கிழமை இன்டர்வெலுக்குப் பக்கத்தில் வண்டியின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். கழுவும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணையை ஒரு நாளும் தவறவிடாத ஒருவன்