ஒரு பக்கம் மட்டும் விரியாத பவளம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். சாயங்காலமானால் வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதனால் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி முன்னால் உட்காரும் நேரம் கூடிவிட்டது.

சரி, உன் லெதர் பவளத்துக்கு வருகிறேன். புதுப் பம்பு மாட்டிய மறுவாரத்திலிருந்து ஒரு பக்கம் மட்டும் பாலிப்புகள், அதாவது மேலே பூ மாதிரி விரிகிற அந்தச் சின்னச் சின்ன உயிர்கள், வெளியே வருவதில்லை, உப்பு சரியாக இருக்கிறது, விளக்கைக் குறைத்தும் பயனில்லை என்கிறாய். விளக்கைப் பழையபடி வைத்துவிடு. மூடிக்கிடப்பது பம்பைப் பார்த்த பக்கமா என்று மட்டும் பார். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் போன வருஷம் நான் பட்டதும் இதேதான்.

என் தொட்டியில் ஆரம்பத்தில் தண்ணீர் ஓட்டம் போதாமல் இருந்தது. பம்பின் சுழலியில் சுண்ணாம்பு படிந்து வேகம் நாளுக்கு நாள் குறைந்திருக்கிறது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது பிடிபடவில்லை. காளான் போல நிற்குமே, அந்தப் பெரிய லெதர், அது ஒருநாள் மூடிக்கொண்டது. மேலெல்லாம் மெழுகு தடவின மாதிரிப் பளபளப்பு. அவை அவ்வப்போது இப்படித் தோல் உரிப்பது வழக்கம்தான். நல்ல ஓட்டம் இருந்தால் சில நாளில் வெங்காயச் சருகு மாதிரி அந்தப் படலம் பிரிந்து போய்விடும். என்னுடையதில் இரண்டு வாரமாகியும் போகவில்லை. படலத்தின் மேலேயே பாசி பிடித்தது, பாறைக்குப் பின்னால் கழிவு தேங்கிச் சிவப்பு வழுவழுப்பு படர்ந்தது.

பதறிப்போய்ப் பெரிய பம்பு வாங்கி நேராக அதன் மேலேயே திருப்பி வைத்தேன். இரண்டே நாளில் படலம் போனது. ஆனால் அடுத்த வாரம் பம்பைப் பார்த்த பக்கம் சுருங்கி, தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சதை கரைந்திருந்தது. அதைப் பார்த்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். லெதர் மாதிரி மென்பவளங்களுக்குக் கல் எலும்பு கிடையாது. சதைக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துணுக்குகள் இருக்கின்றன, மற்றபடி உள்ளே நிரம்பிய தண்ணீரின் அழுத்தத்தில்தான் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரே பக்கமிருந்து ஓயாமல் அடித்தால் தாங்காது. அதற்காக ஓட்டமே இல்லாமலும் முடியாது. பவளத்தின் தோலை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அசையாமல் நிற்கும். பகலில் உள்ளே வாழும் பாசிகள் உண்டாக்கும் ஆக்ஸிஜன் அதைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும், ராத்திரி ஆக்ஸிஜன் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். ஓட்டம் குறையக் குறைய அந்தப் படலம் தடிக்கும். செவுளும் நுரையீரலும் இல்லாத உயிருக்கு வெளியே ஓடுகிற தண்ணீர்தான் மூச்சு.

நீ வளர்க்கிற ஸீனியா என்ற மென்பவளம் கை விரித்து மூடுவதை நாம் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறோமே, அதன் உறவுக்காரப் பவளம் ஒன்றைச் செங்கடலில் ஆராய்ந்து 2013இல் எழுதியிருக்கிறார்கள். அந்தத் துடிப்பு உடம்பில் தேங்கும் ஆக்ஸிஜனை வெளியே தள்ளுகிறது, அதனால் பாசிகளின் ஒளிச்சேர்க்கை கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். லெதருக்கு அந்தத் திறமை இல்லை. நாம்தான் தண்ணீரை அசைத்துக் கொடுக்க வேண்டும்.

இப்போது என் 200 லிட்டர் தொட்டியில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சின்னப் பம்புகள், இரண்டும் சேர்ந்து மணிக்கு 3000 லிட்டர். மென்பவளத் தொட்டிக்குக் கொள்ளளவைப்போல 10 முதல் 20 மடங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், அதற்குள்தான் வருகிறது. ஆனால் கணக்கைவிடத் திசைதான் முக்கியம் என்பது என் அனுபவம். ஒன்றைக் கொஞ்சம் மேல்நோக்கி, இன்னொன்றைக் கண்ணாடியில் மோதித் திரும்பும்படி வைத்திருக்கிறேன். மாறி மாறி ஓடுகின்றன. பாலிப்புகள் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு நொடி அப்படியே நின்று, மறுபக்கம் திரும்புகின்றன. ஒரே திசையில் படுத்தே கிடந்தால் ஓட்டம் அதிகம் என்று வைத்துக்கொள்.

நீ பவளத்தை இடம் மாற்றாதே, பம்பைத் திருப்பு. ஒரு சிட்டிகை மீன் தீனியைக் கரைத்து விட்டுப் பார், துணுக்குகள் போகிற பாதையே எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். எங்கே குவிகிறதோ அங்கே ஓட்டம் போதாது, எங்கே அம்பு மாதிரிப் பாய்கிறதோ அங்கே லெதர் இருக்கக் கூடாது. பச்சை நட்சத்திரப் பாலிப் என்கிற பவளம் அந்த இடத்தில் சமாளிக்கும். காளான் பவளங்களை (லெதரைச் சொல்லவில்லை, அது வேறு வகை) மட்டும் அடியில், அமைதியான மூலையில் விடு. மாதம் ஒருமுறை பம்பை வினிகர் கலந்த தண்ணீரில் ஓட்டிக் கழுவிவிடு, நான் செய்யத் தவறியது அதைத்தான்.

கரைந்த இடம் ஆறி வர எனக்கு இரண்டு மாதமானது. தினமும் தொட்டுப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள். திருப்பி வைத்த பத்தாம் நாள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. அடுத்த முறை வரும்போது என் லெதரிலிருந்து ஒரு துண்டு நறுக்கி, பாறையில் பிடிக்க வைத்து எடுத்து வருகிறேன்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்