ஆண்டறிக்கை: கோல்காப்பாளருக்கு எந்த நிறச் சட்டை?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் கால்பந்துச் சங்கத்தின் மூத்த ஆட்டக்காரர்களே, இளையோரே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

சென்ற பொதுக்குழுவிற்குப் பிறகு வாராந்திரப் பயிற்சியும் கோடைக்கால முகாமும் வழக்கம்போல் நடைபெற்றன. மழைக்காலத்தில் திடல்களில் நீர் தேங்கியதால் சில ஆட்டங்களைத் தள்ளிவைக்க நேர்ந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். செயற்குழுவின் நேரத்தை இவ்வாண்டு மிகுதியாக எடுத்துக்கொண்டதும், இன்று தங்கள் ஒப்புதலுக்கு வருவதும் கோல்காப்பாளர்களின் புதிய சட்டை பற்றிய பொருளே என்பதால், அதனையே இங்கு விரிவாக எழுதியுள்ளேன்.

பழைய பச்சைச் சட்டைகள் வெளுத்துவிட்ட நிலையில் புதியவை வாங்கச் செயற்குழு முடிவு செய்தபோது, அதே பச்சையைத் தொடரலாம் என்று மூத்தோரும், கறுப்பே வேண்டும் என்று இளையோரும், சிவப்பு அணிந்தால், கோல்காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு உதைக்கும் பெனால்டியில் உதைப்பவர் தடுமாறுவார் என்று பயிற்சியாளரும் கூறினர். இது வெறும் விருப்பு வெறுப்புச் செய்தியன்று, ஆராய்ந்து முடிவெடுக்கத் தக்கது என்று கருதிய செயற்குழு, உரிய தகவல்களைத் திரட்டும் பொறுப்பை எனக்கு அளித்தது.

விதிகளின் நிலை தெளிவானது. கோல்காப்பாளரின் சட்டை நிறம் இரு அணியினரிடமிருந்தும் நடுவர்களிடமிருந்தும் வேறுபட்டிருக்க வேண்டும் என்கிறது ஆட்ட விதிகளில் நான்காவது. அதற்கு உட்பட்டு எந்த நிறத்தையும் தேர்ந்தெடுக்கலாம். இங்கிலாந்தில் 1909-இல் கோல்காப்பாளருக்குத் தனி நிறம் கட்டாயமானபோது சிவப்பு, நீலம், வெள்ளை ஆகியவையே முதலில் அனுமதிக்கப்பட்டன. பச்சை அதன் பின்னரே சேர்ந்து, நாளடைவில் வழக்கமாகவே நிலைத்துவிட்டது. பச்சையே மரபு என்று நம் மூத்தோர் கருதுவது இவ்வழியில் வந்ததே.

கறுப்பை விரும்பிய இளையோர் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷினை எடுத்துக்காட்டினர். ஆண்டின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை 1963-இல் பெற்ற அவர், இன்றுவரை அவ்விருதைப் பெற்ற ஒரே கோல்காப்பாளர்; அவருடைய கருநிற உடையால் அவரைக் கருஞ்சிலந்தி என்றே அழைத்தனர். ஆனால் அவருடைய பெருமை அவர் நின்ற இடத்திலும் பாய்ந்த வேகத்திலும் இருந்தது. கடலூரின் மே மாத வெயிலில் வெப்பத்தை ஈர்க்கும் கறுப்புச் சட்டையை இளம்பிள்ளைகளுக்கு அணிவிப்பதை நான் ஏற்கவில்லை.

இனிச் சிவப்பு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, இருவகை மல்யுத்தம் ஆகியவற்றில் சிவப்போ நீலமோ தற்செயல் முறையில் வழங்கப்பட்டது. சிவப்பு அணிந்தோர் ஏறத்தாழ 55 விழுக்காடு போட்டிகளில் வென்றனர் என்று டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ரசல் ஹில், ராபர்ட் பார்ட்டன் ஆகியோர் 2005-இல் காட்டினர். அதன்பின் டேக்வாண்டோ நடுவர்களிடம் ஒரே சண்டைக் காட்சியை நிறம் மாற்றிக் காட்டியபோது, சிவப்பு அணிந்தவருக்கு அவர்கள் கூடுதல் புள்ளி அளித்ததை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டனர். அப்படியானால் நிறம் எதிராளியைத் தடுமாறச் செய்கிறதா, நடுவரின் கண்ணையா என்ற ஐயம் எழுகிறது. பெனால்டி உதையில் இவ்வையத்திற்கு இடமே இல்லை. பந்து கோட்டைக் கடந்ததா இல்லையா என்பதில் நடுவரின் மதிப்பீட்டிற்கு வேலை மிகக் குறைவு. ஆகவே நிறத்தின் விளைவு ஏதேனும் இருந்தால் அது உதைப்பவரிடமே இருக்க வேண்டும்.

இதை நேரடியாகச் சோதித்தவர் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் கிரீன்லீஸ். 40 ஆட்டக்காரர்களைக் கொண்டு அவரும் உடனாய்வாளர்களும் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்புச் சட்டைக் கோல்காப்பாளருக்கு எதிரே 54 விழுக்காடு உதைகளே கோலாயின. மஞ்சளுக்கு எதிரே 69, நீலத்திற்கு எதிரே 72, பச்சைக்கு எதிரே 75. நாம் இத்தனை ஆண்டுகளாக அணிவித்து வந்த பச்சை இவ்வரிசையில் கடைசியில் நிற்பதைச் செயற்குழு கவனத்துடன் எடுத்துக்கொண்டது. உதைப்பதற்கு முன் தாம் எந்த அளவு வெல்வோம் என்று ஆட்டக்காரர்கள் கொண்டிருந்த எதிர்பார்ப்பில் நிறத்தால் வேறுபாடு காணப்படவில்லை என்பது என்னை இன்னும் சிந்திக்க வைத்தது. சிவப்பைக் கண்டு அஞ்சினர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது; அவர்கள் அறியாமலே ஏதோ நிகழ்ந்திருக்கிறது.

அது கண்ணின் வழியே நிகழ்வதாக இருக்கலாம் என்பது என் கருத்து. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் கிரெக் வுட், மார்க் வில்சன் ஆகியோர், உதைப்பவரின் பார்வை எங்கே செல்கிறது என்பதைக் கருவிகொண்டு அளந்து, பதற்றத்தில் இருப்பவர் கோல்காப்பாளரையே முன்கூட்டியும் நெடுநேரமும் பார்க்கிறார் என்றும், பார்வை போன பக்கமே பந்தும் போவதால் உதை கோல்காப்பாளருக்கு எட்டும் தொலைவில் விழுகிறது என்றும் கண்டனர். கோல்காப்பாளர் கைகளை ஆட்டி அசைந்தபோது இது மேலும் கூடிற்று. 11 மீட்டர் தொலைவிலிருந்து வரும் பந்து ஏறத்தாழ அரை நொடியில் கோட்டை அடையும் நிலையில், 7.32 மீட்டர் அகலத்தை ஒருவர் காப்பது அரிது. உதைப்பவரின் பார்வையைத் தம் பக்கம் இழுக்கும் எதுவும் அவருக்குத் துணையே. எடுப்பான நிறம் அத்தகையதொரு துணையாகலாம்.

இதற்கு மாறான சான்றையும் உறுப்பினர்கள் அறிய வேண்டும். ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பண்டஸ்லிகா ஆட்டங்களை ஆராய்ந்த கோச்சர், சுட்டர் ஆகிய பொருளியலாளர்கள், அணியின் சட்டை நிறத்திற்கும் வெற்றிக்கும் தொடர்பு காணவில்லை. 40 பேரைக் கொண்ட ஓர் ஆய்வின் எண்களைக் கடலூரில் அப்படியே எதிர்பார்க்க இயலாது என்பதைப் பயிற்சியாளரும் ஒப்புக்கொண்டார்.

நம் திடல்களின் இயல்பையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தோம். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் திடல்களில் சிவப்புச் சட்டை பின்னணியோடு கலந்துவிடும். தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலில் அதே சட்டை பளிச்செனத் தெரியும். நமக்குக் கிழக்கே கடல் என்பதால் மாலை வெயில் நிலப்பக்கத்திலிருந்து வருகிறது; கிழக்கு மேற்காகக் கம்பங்கள் நட்ட திடலில், மேற்குக் கோலில் நிற்பவர் உதைப்பவரின் கண்கூச்சத்தில் வெறும் நிழலுருவாகவே தெரிவார்; அங்கே எந்த நிறமும் பயன்படாது. இன்னொன்று, மின்விளக்கில்லாத திடலில் ஆட்டம் அந்தி வரை நீண்டால், ஒளி குறையக் குறைய மனிதக் கண்ணுக்குச் சிவப்பே முதலில் கறுத்துப் போகும். பகலொளியில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது மஞ்சள் கலந்த பச்சையை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுடையோர் ஆண்களில் சிலர் உண்டு. புல்தரையில் சிவப்பு அவர்களுக்கு எடுப்பாகத் தோன்றாது. உடன் ஆடுவோருக்கும் தம் கோல்காப்பாளர் ஒரு நொடியில் கண்ணில் பட வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது.

எனவே செயற்குழுவின் பரிந்துரை இது. நம் அணியின் நீலச் சட்டைக்கு வேறுபட்டு நிற்கும் இரு நிறங்களில், சிவப்பிலும் ஒளிரும் மஞ்சள் பச்சையிலும், ஒவ்வொரு வயதுப் பிரிவின் கோல்காப்பாளருக்கும் சட்டைகள் தைக்கப்பட வேண்டும். புல்தரையிலும் மணலிலும் பகல் ஆட்டத்தில் சிவப்பு. செம்மண் திடலிலும், அந்திவரை நீளக்கூடிய ஆட்டத்திலும், எதிரணி சிவப்பு அணிந்து வரும்போதும் மஞ்சள் பச்சை. நடுவரின் சட்டை நிறத்தை ஆட்டத்திற்கு முன்பே அணி மேலாளர் கேட்டறிய வேண்டும். மெல்லிய, வியர்வை உலரும் துணியே வாங்கப்படும்.

பயிற்சியிலும் ஒரு மாற்றத்தை முன்மொழிகிறேன். சட்டையைவிட இது முதன்மையானது என்றே நம்புகிறேன். கோல்காப்பாளர் நடுவிலிருந்து 6 முதல் 10 சென்டிமீட்டர் விலகி நின்றாலே, அதை உணராத உதைப்பவரும் அகன்ற பக்கத்தையே கூடுதலாகத் தேர்கிறார் என்று ரிச் மாஸ்டர்ஸ் குழுவினர் 2007-இல் காட்டியுள்ளனர். காசு செலவில்லாத இந்த உத்தியை நம் கோல்காப்பாளர்களுக்குப் பழக்க வேண்டும். நம் அணியில் உதைப்பவர்களோ, எதிரே எந்த நிறம் நின்றாலும் பந்தை அனுப்பும் மூலையை முன்பே முடிவு செய்து, அங்கே பார்வையை நிறுத்திப் பிறகு உதைக்கப் பழக வேண்டும். பயிற்சியின்போது எதிரே நிற்பவர் சிவப்புச் சட்டையே அணியட்டும் என்று பயிற்சியாளர் கேட்டுள்ளார். செயற்குழு அதை ஏற்றுள்ளது.

சட்டைகளுக்கான மதிப்பீட்டைப் பொருளாளர் தம் அறிக்கையுடன் இணைத்துள்ளார். பொதுக்குழு ஒப்புதல் அளித்தவுடன் அளவு எடுக்கும் பணி தொடங்கும். கோல்காப்பாளர்கள் கூட்டம் முடிந்ததும் விளையாட்டுப் பொருள்களுக்குப் பொறுப்பான உறுப்பினரிடம் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்