161 நிமிடப் படத்தில் ஏழாவது ரீல் எங்கே போச்சு?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: முழுப் படம் என்று காசு வாங்கிக்கொண்டு குறைந்த பிரதியைக் காட்டியது குறித்து

வணக்கம்.

உங்கள் தளத்தில் கஸ்பார் நோயே எடுத்த 'என்டர் தி வாய்ட்' படத்தை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்திருந்தேன். அதற்கு நீங்கள் அனுப்பிய பதில், "படம் பிடிக்கவில்லை என்பதற்காகப் பணத்தைத் திருப்பித் தர இயலாது." படம் பிடிக்கவில்லை என்று நான் எங்கே எழுதினேன்? இந்தப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் திட்டத்தான் எழுதியிருப்பார்கள் என்று முடிவுகட்டி, படிக்காமலே ஒரு ரெடிமேட் பதிலைத் தட்டிவிட்டிருக்கிறீர்கள் போல.

என் புகார் இதுதான். படத்தின் பக்கத்தில் 161 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள், ஓடியது கிட்டத்தட்ட 17 நிமிடம் குறைவாக. எந்த 17 நிமிடம் என்பதும் தெரியும். ஒப்பந்தப்படி நீளம் குறைந்த ஒரு சின்ன பிரதியும் தரவேண்டியிருந்ததால், ஏழாவது ரீலை மட்டும் உருவிவிட்டு ஆறிலிருந்து நேராக எட்டுக்குப் போகிற மாதிரி நோயேவே ஏற்பாடு செய்து வைத்தார். அதனால் சின்ன பிரதியும் அவருடையதுதான், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் அதைக் காட்டுவதாக இருந்தால் அதுதான் என்று போடுங்கள். அரைக் கிலோவை ஒரு கிலோ என்று நிறுத்துக் கொடுத்தால் மளிகைக் கடைக்காரரைச் சும்மா விடுவோமா?

"எப்படியும் இழுவையான படம், 17 நிமிடம் போனால் என்ன" என்று உங்கள் சாட்டில் பேசியவர் சிரிப்புப் பொம்மை வேறு போட்டார். என்ன போச்சு என்று சொல்கிறேன். டோக்கியோவில் போதைப்பொருள் விற்கும் ஆஸ்கர், ஒரு பாரின் கழிப்பறைக்குள் போலீஸ் சுட்டுச் செத்துப்போகிறான். அதற்கு முன்பே, தெருவில் நடந்துகொண்டே நண்பன் அலெக்ஸ் அவனுக்குத் திபெத்தியர்களின் இறந்தோர் நூலைப் பற்றிச் சொல்லிவிடுகிறான்: செத்தவனுக்குத் தான் செத்தது சட்டென்று புரியாது, உயிரோடு இருப்பவர்களையே சுற்றிச் சுற்றி வருவான், பிறகுதான் மறுபிறப்பு. அவன் சாகும்வரை அவனுடைய கண்ணாகவே இருந்த கேமரா, இமைப்பதைக்கூடக் காட்டிய கேமரா, அதன் பிறகு ஊருக்கு மேலே மிதக்கிறது. ஏழாவது ரீலில் அவன் பிணவறையில் கண் விழிக்கிறான், உயிரோடு இருப்பதாகவே நினைக்கிறான். இல்லை. அவனுடைய சாம்பலைக் கழுவும் தொட்டியில் கொட்டுகிறார்கள், கேமராவும் தண்ணீர் போகிற ஓட்டை வழியே கூடவே இறங்குகிறது. தான் செத்துவிட்டோம் என்று அவன் முகத்தில் அறைகிற இடமே அதுதான், அதைத் தூக்கிவிட்டால் மிச்சம் இருப்பது மேலே பறந்துகொண்டே இருக்கிற ஒரு கேமரா. அப்புறம் இழுவை என்று சொல்லாமல் என்ன சொல்வார்கள்?

சொல்லப்போனால் எனக்கே இந்தப் படம் முழுக்கப் பிடிக்காது. கடைசி அரைமணி நேரம் பொறுமையைச் சோதிக்கும், ஆஸ்கருக்கும் அவன் தங்கைக்கும் உள்ள பாசத்தைத் தாய்ப்பால் வரை இழுத்துக்கொண்டு போவது எனக்கு அலுப்பு. 2009-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் காட்டியதிலிருந்தே ஆளாளுக்கு ஒன்று சொல்லும் படம்தான் இது. ஆனால் அலுத்துப்போவதாக இருந்தாலும் முழுசாகப் பார்த்து நான் அலுத்துக்கொள்கிறேன், அந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, இதுதான் ஆபத்தானது. ஆரம்பத்தில் பெயர்கள் கண்ணைப் பறிக்கிற வேகத்தில் மின்னி மின்னி வரும், பிறகும் நியான் விளக்குகள் விட்டுவிட்டு அடிக்கும். வலிப்பு நோய் இருப்பவர்கள் இதைப் பார்க்கவே கூடாது. உங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வரி எச்சரிக்கை இல்லை! என் வீட்டில் ஒற்றைத் தலைவலிக்காரர் ஒருவர் பாதியில் எழுந்துபோய் இருட்டறையில் படுத்துக்கொண்டார். புகைபிடிக்கும் காட்சிக்கெல்லாம் மூலையில் எழுத்து ஓட்டுகிற நீங்கள் இதை எப்படி விட்டீர்கள்?

நீங்கள் ஓட்டிய காட்சித் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பெனுவா தெபியின் ஒளிப்பதிவு, கறுப்பும் சிவப்பும் வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது, இணைய வேகம் என் பக்கம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு குழந்தை பிறக்கிறது, அதன் கண் வழியாகவே மங்கலாகப் பார்க்கிறோம், சரியாக அந்த நேரத்தில் படம் மூலையில் சுருங்கி "அடுத்து இதைப் பாருங்கள்" என்று ஒரு சமையல் போட்டி வந்து நின்றது. இந்த வசதியை யார் கேட்டார்கள்?

ஆகவே, எந்தப் பிரதி, உண்மையில் எத்தனை நிமிடம் என்பதைப் படத்தின் பக்கத்தில் திருத்துங்கள். ஒளி மின்னல் எச்சரிக்கையை இன்றைக்கே போடுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முழுப் பிரதிக்கான உரிமை உங்களிடம் இருந்தால் அதை ஏற்றுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். என் வாடகைப் பணம் கட்டிய அதே கார்டுக்குத் திரும்ப வரவேண்டும். அடுத்த மாதத்துக்குள் காலாவதியாகும் கூப்பன் எதையும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், இதற்கும் ரெடிமேட் பதில் வந்தால் அடுத்து நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்